இதய ஆராய்ச்சிக்குப் போக ஆறு லட்சமா?

கேள்வி: என் மகள் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். கார்டியாலஜிஸ்ட் ஆகி, இதய மரபணு ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்கிறாள். எம்.டி.யை விட்டுவிட்டு நேரே பிஎச்.டி. சேரலாமா? ஆறு லட்சம் கட்டினால் அமெரிக்காவில் ஆராய்ச்சிக்கு இடம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.
— மதுரை வாசகர்

பதில்: முதலில் அந்த ஆறு லட்சம். கட்டாதீர்கள். நல்ல ஆய்வகம் ஆள் எடுத்தால் சம்பளம் கொடுக்கும், வாங்காது. இவர்கள் காட்டும் 'இடம்' பெரும்பாலும் அப்சர்வர்ஷிப்தான். கோட்டு மாட்டிக்கொண்டு ஓரமாக நின்று பார்க்கலாம். நோயாளியைத் தொடக்கூடாது, பயிற்சிக் கணக்கிலும் சேராது. கூடவே, 'ஆராய்ச்சிக் கட்டுரையில் (பேப்பரில்) பெயர் போட்டுத் தருகிறோம்' என்பார்கள். முதல் பெயருக்கு ஒரு ரேட், மூன்றாவது பெயருக்கு ஒரு ரேட். நாளை அந்தக் கட்டுரையின் வண்டவாளம் வெளியே வந்தால் மாட்டுவது புரோக்கர் அல்ல, உங்கள் மகள்.

எம்.டி.யை விட வேண்டாம். எம்.டி. மூன்று ஆண்டு, அதற்கு மேல் இதயத்துக்கான சிறப்புப் படிப்பான டி.எம். மூன்று ஆண்டு, பிறகு முழுநேர ஆய்வு. நீளம்தான். ஆனால் இதைப் பாருங்கள்: இதயத் தசையின் ஒரு மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருப்பதும், தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேர் போல அப்படி இருப்பதும் 2009-ல் வெளியானது. ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு நிலைய விஞ்ஞானிகளும் அதில் உண்டு. ஆனால் எழுத்து விடுபட்ட எல்லோருக்கும் இதயம் கெடுவதில்லை. யாருக்குக் கெடுகிறது என்பதை எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வேறு காரணமின்றி இதயச் சுவரின் தடிமன் 15 மி.மீ.-ஐ எட்டினால் அது இதயத் தசை தடிக்கும் நோய், உடன்பிறந்தவருக்கு ஏற்கெனவே நோய் இருந்தால் 13-லேயே சந்தேகம். இதைக் கண்டுபிடிக்கும் பார்வை வார்டில்தான் வரும்.

ஒரு விஷயம், பலர் தவறவிடுவது: டி.எம். கார்டியாலஜிக்குப் பொது மருத்துவ எம்.டி.தான் வேண்டும் என்பதில்லை. குழந்தை மருத்துவ எம்.டி.யும் தகுதிதான். பிறவி இதயக் கோளாறும் பரம்பரை நோயும் அங்கே நிறைய வரும். 'மெடிசின் கிடைக்கவில்லை, எல்லாம் போச்சு' என்று ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம். பீடியாட்ரிக்ஸ் கிடைத்தால் தயங்காமல் சேரட்டும்.

நம் முறையைப் பற்றிப் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆறு ஆண்டில் ஆராய்ச்சிக்கென்று உருப்படியாக ஒரு மாதம் ஒதுக்க மாட்டார்கள். தீசிஸ் கையெழுத்தானதும் அலமாரிக்குப் போய்விடும். பதவி உயர்வின்போது மட்டும் 'பேப்பர் எங்கே?' என்பார்கள். புரோக்கர் முளைக்காமல் என்ன செய்வான்?

உங்கள் மகள் இந்த வாரமே தொடங்கலாம். மயங்கி விழுந்து வரும் இளவயதுக்காரரிடம், 'வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா?' என்று கேட்டு, ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் குடும்ப மரம் வரையட்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் ஒரு குறுக்குக் கோடு.