அலுவலகத்துக்கு எந்த ஐபி முகவரியைத் தர வேண்டும்?

கேள்வி: வீட்டிலிருந்து பணியாற்ற அனுமதி தருவதற்காக என் கணினியின் ஐபி முகவரியை அலுவலகத்தில் கேட்டார்கள். விண்டோஸில் பார்த்து 192.168.1.5 என்று அனுப்பினேன். அது உதவாது என்கிறார்கள். முகவரியைக் காட்டும் இணையதளம் ஒன்றில் பார்த்தால் முற்றிலும் வேறு எண் வருகிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரியானவையே. முதலாவது, உங்கள் வீட்டு ரவுட்டர் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகுமாறு கணினிக்கு வழங்கிய எண். இரண்டாவது, வெளியுலகில் உங்கள் இணைப்பு அறியப்படும் எண். அலுவலகம் கேட்டது இரண்டாவதை.

192.168 என்று தொடங்கும் எண்கள் உள் வலையமைப்புகளுக்கென்றே 1990களில் ஒதுக்கப்பட்டவை என்பதால், உங்கள் அடுத்த வீட்டுக் கணினிக்கும் இதே 192.168.1.5 இருக்கலாம். இப்படிப் புள்ளிகளால் பிரிந்த நான்கு எண்களைக் கொண்ட ஐபிவி4 என்னும் முகவரி முறையில் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. மண்டலங்களுக்குப் பகிர்ந்தளிப்பதற்கான உலகளாவிய கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால்தான் ஒரே வெளி முகவரியை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் ரவுட்டர் பங்கிட்டுத் தருகிறது.

பிரின்டரைப் பகிர்வது போன்ற வீட்டு வேலைகளுக்கு உள் முகவரியே தேவை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்னும் எட்டு ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டி என்டரை அழுத்துங்கள். விபிஎன் (இணையத் தொடர்பை மறைகுறியாக்கி வேறொரு கணினி வழியாக அனுப்பும் ஏற்பாடு) போன்ற மென்பொருள்களை நிறுவியிருந்தால் பல இணைப்புகள் வரிசையாக வந்து குழப்பும். நீங்கள் பயன்படுத்தும் வைஃபை அல்லது ஈத்தர்நெட் பகுதியில் உள்ள ஐபிவி4 வரியையே பாருங்கள். அதற்குச் சற்றுக் கீழே டீஃபால்ட் கேட்வே என்று இருப்பது ரவுட்டரின் முகவரி. பலர் அதைத்தான் தவறுதலாகக் குறித்துக்கொள்கிறார்கள். 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால், ரவுட்டரிடமிருந்து கணினிக்கு முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். கேபிளைச் சரிபார்த்து, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மேக் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸின் நெட்வொர்க் பகுதியில் இதே விவரம் கிடைக்கும்.

வெளி முகவரியை, விபிஎன்னை நிறுத்திவிட்டு, கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இல்லாமல் வீட்டு இணைப்பில் இருக்கும்போது பாருங்கள். பிறகு ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வான் (டபிள்யூ, ஏ, என்) என்னும் தலைப்பின் கீழுள்ள எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் ஒன்று தொடக்கமாக இருந்தால், உங்கள் இணையச் சேவை நிறுவனம் ஒரே வெளி முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பொதுவாக வைத்திருக்கிறது. அதை அலுவலகத்தில் பதிவுசெய்தால், முன்பின் அறியாத பலருக்கும் அலுவலக வலையமைப்பின் வாயில் திறந்துவிடும் என்பதை நீங்களே அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள்.

பொதுவாக இல்லாவிட்டாலும் வெளி முகவரி அவ்வப்போது மாறக்கூடியது. கட்டணம் செலுத்தி நிலையான முகவரி பெறலாம். ஆனால், அலுவலகமே தன் ஊழியர்களுக்கு விபிஎன் அமைத்துத் தருவதே பாதுகாப்பான வழி என்பது என் உறுதியான கருத்து. அது வரும்வரை எண்ணை அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், இணையதளம் காட்டுவது புள்ளிகளால் பிரிந்த நான்கு எண்கள்தானா என்று பாருங்கள். எழுத்துகளும் முக்காற்புள்ளிகளும் கலந்த நீண்ட முகவரி வந்தால் அது ஐபிவி6 என்னும் புதிய முறையைச் சேர்ந்தது. அலுவலகத்தின் அமைப்பு அதை ஏற்குமா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.