பெரிய கேமில் மட்டும் அணைந்துபோகும் பிளேஸ்டேஷன் 4

உங்கள் பிளேஸ்டேஷன் 4 கேம் கருவி அணைந்துபோகிறது என்பதற்காக அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரிய கேம் ஓடும்போது மட்டும் அரை மணி நேரத்தில் அணைகிறது என்றால் பெரும்பாலும் சூடுதான் காரணம். சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க்கில் தூசி அடைத்திருக்கும், சிப்பின் மேல் உள்ள, சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டும் இத்தனை வருடத்தில் காய்ந்திருக்கும்.

உறுதி செய்ய, கேம் எதுவும் போடாமல் முகப்புத் திரையிலேயே ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் கருவிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். அணையவில்லையா? அப்புறம் கேமைப் போட்டு, பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். விசிறி இரைந்தும் காற்று மெலிதாக வந்தால் தூசிதான்.

பழைய கேம் கருவியான சூப்பர் நின்டென்டோ இன்னும் ஓடுகிறதே, புதியவை ஏன் இப்படி என்று கேட்டிருந்தீர்கள். 1990இல் வந்த அந்தக் கருவியில் விசிறியும் இல்லை, ஹார்ட் டிஸ்க்கும் இல்லை. சூடும் மிகக் குறைவு. தேய்வதற்கு உள்ளே ஏறக்குறைய எதுவுமே கிடையாது. முதல் பிளேஸ்டேஷன் 4 மாடலோ பெரிய கேமில் 100 வாட்டைத் தாண்டும். அத்தனை சூட்டையும் ஒரே விசிறிதான் வெளியே தள்ள வேண்டும். ஆனாலும் பழையது சாகாவரம் பெற்றதல்ல. ஆட்டத்தைச் சேமிப்பதற்காகப் பேட்டரி வைத்த கார்ட்ரிட்ஜ்களில் (கருவியில் செருகும் கேம் பெட்டிகளில்) அந்தப் பேட்டரி தீர்ந்தால் சேமித்த ஆட்டம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை: சுத்தம் செய்யும் முன் மின் ஒயரைக் கழற்றிவிடுங்கள். தூசியை நீக்கக் காற்று அடிக்கும்போது விசிறியைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பேரிங் கெட்டுவிடும். பேஸ்ட் மாற்ற முழுதாகப் பிரிக்க வேண்டும். பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.