மாமி மறுநாளே பேப்பர் படித்தார், அம்மா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 64, சர்க்கரை வந்து 18 வருஷம். கண்புரை ஆபரேஷனுக்குப் போனால், விழித்திரையில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது, முதலில் கண்ணில் ஊசி போடணும் என்கிறார்கள். பக்கத்து வீட்டு மாமி ஆபரேஷன் முடிந்த மறுநாளே பேப்பர் படித்தார். நமக்கு மட்டும் ஏன் இழுக்கிறார்கள்?
- வாசகி, திருச்சி

பதில்: இழுக்கவில்லை, சரியாகத்தான் போகிறார்கள். கண்ணை கேமரா என்று வைத்துக்கொண்டால் புரை என்பது மங்கிப்போன லென்ஸ், விழித்திரை உள்ளே இருக்கும் ஃபிலிம். லென்ஸை எவ்வளவு பளிச்சென்று மாற்றினாலும் ஃபிலிம் ஈரமாக இருந்தால் படம் மங்கலாகத்தான் விழும். அதோடு, ஆபரேஷன் கண்ணுக்குள் கிளப்பும் அழற்சியால், ஏற்கெனவே இருக்கும் வீக்கம் அடுத்த சில வாரங்களில் கூடிவிடலாம். அதனால்தான் ஊசி போட்டு, விழித்திரையைப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் வீக்கம் வடிந்ததைப் பார்த்த பிறகு கத்தி வைக்கிறார்கள். புரை ரொம்ப முற்றி விழித்திரையே தெரியாவிட்டால் கதை வேறு, அப்போது காத்திருக்க மாட்டார்கள்.

மாமியோடு ஒப்பிடாதீர்கள், அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்றே நீங்கள் எழுதவில்லையே! அம்மாவுக்கும் பார்வை கூட வாய்ப்பு உண்டு, எவ்வளவு என்பது விழித்திரையின் நடுப்பகுதி கையில். அப்புறம், ஆபரேஷன் தேதிக்காக அவசர அவசரமாகப் பட்டினி போட்டுச் சர்க்கரையை இறக்காதீர்கள், திடீர் இறக்கமும் விழித்திரைக்கு ஆகாது. ஆபரேஷனுக்குப் பின் சொட்டு மருந்தையும் விழித்திரைப் பரிசோதனையையும் விடாதீர்கள்.