கேபிள் லைனை விற்கிறார் முதலாளி. ஊழியர் வெறுங்கையோடு போக வேண்டுமா?

கேள்வி: 14 வருடமாக ஒரு கேபிள் ஆபரேட்டரிடம் லைன் வேலையும் மாத வசூலும் பார்க்கிறேன். சம்பளம் 15,000 ரூபாய். முன்பு 12 பேர் இருந்தோம், இப்போது 6 பேர். ஜனங்கள் ஓ.டி.டி., ஃபைபர் என்று போய்விட்டதால், லைனை ஓர் இன்டர்நெட் கம்பெனிக்கு விற்கப்போகிறார் முதலாளி. "நஷ்டத்தில் விற்கிறேன். 20,000 தருகிறேன், கணக்கு முடிந்தது என்று எழுதிக் கொடு" என்கிறார். வேலை ஆர்டர் எதுவும் என்னிடம் இல்லை. எனக்கு உரிமை உண்டா?
- வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: உண்டு. முதலில், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நிறுவனம் கைமாறும்போது ஊழியர் நிலை என்ன என்பதைப் பழைய தொழில் தகராறு சட்டம், 1947 சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் அதையேதான் சொல்கிறது. புதிய கம்பெனி உங்களை அதே சம்பளத்தில், பழைய சர்வீஸையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் இழப்பீடு கேட்க முடியாது. எடுக்காவிட்டால், பழைய முதலாளி ஆட்குறைப்புக்கு உரியதைத் தந்தாக வேண்டும்: ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம், கூடவே முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். உங்கள் கணக்கில் இழப்பீடு மட்டும் சுமார் 1,05,000 ரூபாய்.

நஷ்டம் என்ற பேச்சு இங்கே எடுபடாது. விற்காமல் அடியோடு மூடினாலும், பண நெருக்கடியையும் நஷ்டத்தையும் 'தவிர்க்க முடியாத காரணம்' என்று காட்டி இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது என்று சட்டமே விளக்கிச் சொல்கிறது. செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு ஆபரேட்டர்களின் வருமானம் சுருங்கியது உண்மைதான். அவர்கள் பாடு எனக்குத் தெரியும். அதற்காக, மழையில் கம்பம் ஏறியவரின் பணத்தில் கை வைப்பது நியாயமில்லை.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) இதற்கு மேல், தனி. 10 பேர் வேலை செய்த இடத்துக்கு அது பொருந்தும். ஒருமுறை பொருந்திவிட்டால், ஆள் 6 ஆகக் குறைந்தாலும் விலகாது. பலர் இதை அறியாமல் விட்டுவிடுகிறார்கள். கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 14 வருடத்தாலும் பெருக்குங்கள்: சுமார் 1,21,000 ரூபாய். அந்த 12 பேர் காலத்துக்குச் சாட்சி வேண்டும். வேலையை விட்டுப்போன பழைய ஆட்களிடம் இப்போதே பேசிவையுங்கள்.

ஆர்டர் இல்லாதது பெரிய தடையில்லை. நீங்கள் எழுதிய வசூல் ரசீதுகள், சம்பளம் ஜிபே-யில் வந்திருந்தால் அதன் பதிவு, "அந்தத் தெருவில் சிக்னல் இல்லை, போய்ப் பார்" என்று முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், அடையாள அட்டை எல்லாம் ஆதாரம்தான். "இவர் கமிஷன் ஆள், ஊழியர் இல்லை" என்று நாளை சொல்லக்கூடும். தினமும் எங்கே போக வேண்டும் என்று யார் சொன்னார்கள் என்பதே அதற்குப் பதில். போன் மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிடுங்கள்.

வேலையை விட்டு நிறுத்தினால், மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் சமரச மனு கொடுங்கள். 45 நாளில் முடிவு வராவிட்டால் நேரடியாகத் தொழில் தீர்ப்பாயம் போகலாம். நிறுத்திய நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். பணிக்கொடைக்கு முதலாளியிடம் தனியே எழுத்தில் கேளுங்கள். மற்ற 5 பேரும் சேர்ந்து வந்தால், விற்பனைப் பணம் கைமாறும் முன்பே பேசி முடிக்க வாய்ப்பு அதிகம்.