லாஸ்தீனியாவா, மோனோலோபியாவா: எப்படிப் பிரிப்பது?

லாஸ்தீனியா, மோனோலோபியா இரண்டும் கலிபோர்னியாவில் காணப்படும், மஞ்சள் பூப் பூக்கும் சூரியகாந்திக் குடும்பத்துப் பேரினங்கள். உங்கள் படத்தில் இருப்பது இதில் எது என்று கேட்டிருந்தீர்கள். தண்டின் மேல்பாதி இலைகளைப் பாருங்கள். அங்கேயும் ஜோடி ஜோடியாக, எதிரெதிரே இருந்தால் அது லாஸ்தீனியாதான். ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி இருந்து, செடி முழுக்க வெண்பஞ்சு போல ரோமமும் இருந்தால் மோனோலோபியா. அடி இலைகளை நம்ப வேண்டாம், மோனோலோபியாவிலும் அடியில் எதிரெதிராக வருவதுண்டு.

ஒரு பூவில் 8 இதழ், பக்கத்துப் பூவில் 11 என்று குழம்பியிருக்கிறீர்கள். குழப்பமே அந்த எண்ணிக்கையால்தான். நீங்கள் பூ என்று நினைப்பது பல சிறு மலர்கள் சேர்ந்த பூந்தலை; இதழ் என்று எண்ணுவது ஒவ்வொன்றும் தனி மலர். ஒரே இனத்தில்கூட 6 முதல் 13 வரை போகும்.

இதே குடும்பத்தின் இன்னொரு பேரினமான லேயாவோ என்ற சந்தேகமும் இருந்தால் இதைச் செய்து பாருங்கள்:

1. ஒரு பூந்தலையைக் கிள்ளி நெடுக்காகப் பிளக்கவும்.
2. சிறு மலர்கள் உட்கார்ந்திருக்கும் அடிப்பாகம் கூம்பாக மேலெழுந்து, மலர்களுக்கு இடையில் செதில் எதுவும் இல்லையென்றால் லேயா இல்லை. மோனோலோபியாவிலும் இந்தக் கூம்பு வரும். அதனால் கடைசித் தீர்ப்பு இலைக்குத்தான்.

பேரினம் வரை சரி. அப்புறம் லாஸ்தீனியாவில் எந்த இனம், கலிபோர்னிகாவா, கிராசிலிஸா என்று படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். விதை உச்சியில் உள்ள நுண்செதில்களை லென்ஸில் பார்க்க வேண்டும். சில செடிகளில் அதுவும் இருக்காது.

ஒன்று மட்டும் கவனம்: கலிபோர்னியாவின் வசந்தகாலக் குட்டை (மழையில் நிரம்பிப் பின் வற்றிவிடும் குட்டை) ஓரமாக எடுத்த படம் என்றால், பூவுக்கு அடியிலுள்ள பச்சைச் செதில்கள் பாதியளவு ஒட்டிக் கிண்ணமாக இருக்கிறதா என்று பறிக்காமலே பாருங்கள். அது லாஸ்தீனியா கான்ஜுகென்ஸாக இருக்கலாம். 1997 முதல் அமெரிக்க அரசின் அழிவாபத்துப் பட்டியலில் உள்ள இனம்.