முடிவு வந்த பிறகு எதைப் படிப்பது?

அன்புள்ள ஐயா,

தேர்தல் முடிவு வந்த நாளிலிருந்து இரவு முழுக்க அரசியல் அலசல்களாகப் படித்துத் தள்ளுகிறேன். யார் ஏன் தோற்றார், யாருக்கு எந்தத் துறை, யார் யாரோடு பேசுகிறார் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் ‘புது அரசு இதுவரை என்ன செய்திருக்கிறது?’ என்று மகள் கேட்டபோது ஒரு வரிகூடச் சொல்ல வரவில்லை. படிப்பதையே விட்டுவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

விட வேண்டாம். நீங்கள் படிப்பவை எல்லாம் ‘ஏன் இப்படி ஆனது?’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். முடிவு தெரிந்த மறுநாள் அதற்குக் காரணம் எழுதுவது சுலபம். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிற வேலை அது. அந்த அலசலை எழுதியவரே ஒரு மாதம் முன்பு என்ன எழுதினார் என்று தேடிப் பாருங்கள், பொழுதும் போகும்.

பிரிட்டனின் 2024 ஜூலைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்கட்சி 411 இடங்களைப் பிடித்தது. 2019இல் அதற்குக் கிடைத்தவை 202. பேரலை என்று தலைப்புகள் வந்தன. சரி, வாக்குகளைப் பாருங்கள்: 2019இல் ஒரு கோடிக்கு மேல், 2024இல் சுமார் 97 லட்சம். குறைந்திருக்கிறது! வாக்களிக்க வந்தவர்களே குறைவு என்பதால் சதவீதம் மட்டும் 32.1இலிருந்து 33.7க்கு ஏறியது. உண்மையில் சரிந்தது அதுவரை ஆட்சியில் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சி, 43.6இலிருந்து 23.7க்கு. அது இழந்த வாக்கில் ஒரு பெரிய பங்கை ரிஃபார்ம் கட்சி பிரித்துக்கொண்டு போனது. அந்தக் கட்சி 14.3 சதவீதம் வாங்கியும் ஐந்தே இடம். லிபரல் டெமாக்ரட்டுகளோ 12.2 சதவீதத்தில் 72 இடம். தொகுதிவாரியாக முந்தியவருக்கே வெற்றி என்ற முறை செய்கிற வேலை இது. இந்த எண்களை முன்னால் வைக்காமல் ‘மக்கள் மனம் மாறிவிட்டது’ என்று பத்துப் பத்தி எழுதுகிறவரை நான் இரண்டாம் முறை படிப்பதில்லை.

உங்கள் மகளின் கேள்விக்கு இன்னொரு நாட்டைச் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தில் 2010 ஜூன் 13 அன்று தேர்தல். கூட்டணி பேசிப் பேசி, புதிய அரசு பதவியேற்றது 2011 டிசம்பர் 6 அன்று. 541 நாள். யார் பிரதமர், எந்தக் கட்சி முரண்டு பிடிக்கிறது என்று தினம் ஒரு செய்தி வந்திருக்கும். இடையில் நாட்டை நடத்தியது பழைய பிரதமர் லெத்தெர்மின் காபந்து அரசு. 2010இன் பிற்பாதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமைப் பொறுப்பை வகித்ததும், 2011 மார்ச்சில் லிபியாவுக்குப் போர் விமானங்களை அனுப்பியதும் அந்த அரசுதான். பேரம் ஒரு பக்கம் நடக்கும், ஆட்சி இன்னொரு பக்கம் நடக்கும். நீங்கள் முதலாவதை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதில் நாடகம் இருக்கிறது, ருசிக்கும். தவறு சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். அவையில் வைக்கப்பட்ட மசோதா, அமைச்சரவையின் முதல் உத்தரவுகள், அதிகாரிகள் மாற்றம், நியமனங்கள், அப்புறம் பட்ஜெட். எல்லாவற்றையும் மூலத்தில் போய்ப் படிக்க யாராலும் முடியாது. அதனால்தான் கட்டுரையாளர் வேண்டும். ஆனால் மசோதாவின் எந்தப் பிரிவு என்று காட்டி, அதை அப்படியே எடுத்துப் போட்டு, பிறகு தன் கருத்தைச் சொல்கிறவராக அவர் இருக்க வேண்டும். கட்சிச் சாய்வு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆவணம் கையில் இருக்கும்போது சாய்வு எவ்வளவு என்று நீங்களே அளந்துவிடலாம்.

‘இரு தரப்பையும் படி’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இரு தரப்பும் ஒரே அமைச்சரின் ஒரே பேச்சைப் பற்றிச் சண்டை போட்டால், இரண்டையும் படித்து உங்களுக்கு மிஞ்சுவது அந்தப் பேச்சு மட்டும்தான்.

தினமும் படிக்கவும் தேவையில்லை. நாடாளுமன்றம் தினமும் சட்டம் போடுவதில்லை. வாரம் ஒருமுறை உட்கார்ந்தால் தாராளம். பட்ஜெட் வரும்போது மட்டும் ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். உரையைக் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். பிரசாரத்தில் அதிகம் பேசப்பட்ட திட்டம் ஒன்றை எடுத்து, ஒதுக்கீட்டு அட்டவணையில் அதற்குப் போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு என்று பாருங்கள். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், கேள்வி கேட்டது அவர்தானே.