பாண் என்று கேட்ட நாள்

அன்புள்ள ஐயா,

நான் கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்தவள். தாத்தாவும் பாட்டியும், இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். சென்ற ஆண்டு வேலை கிடைத்துக் கோவையில் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறேன். வாய்தவறிப் பாட்டிலைப் 'போத்தல்' என்று சொன்ன நாளிலிருந்து அறைத்தோழிகள் என்னை 'அகதி' என்றே அழைக்கிறார்கள். இப்போதெல்லாம் ஊர் எது என்று யார் கேட்டாலும் ஊட்டி என்று சொல்லிவிடுகிறேன். இந்தச் சிரிப்பை எப்படிக் கடப்பது?

ம.

அன்புள்ள ம.,

ஊட்டி என்று சொல்லிவிடுவதாக நீங்கள் எழுதிய வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன். அதே பதிலை நானும் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன்.

1974இல் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கூடலூருக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. வந்த வாரமே அப்பா என்னைக் கடைக்கு அனுப்பினார். காசைப் பலகையில் வைத்து, "ஒரு இறாத்தல் பாண் தாங்க" என்றேன். இலங்கையில் பிரெட்டைப் பாண் என்போம், பவுண்டு எடையை இறாத்தல் என்போம். கடைக்காரர் புரியாமல் மறுபடி சொல்லச் சொன்னார். பெஞ்சில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் மூன்றாம் முறையும் சொல்லவைத்துச் சிரித்தார்கள். நான் கேட்டது எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருந்தது, ஆனால் விரல் நீட்டிக் காட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. கடை பூட்டியிருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். பள்ளியில் வெகுநாள் எனக்குப் 'பாண்' என்றே பெயர்.

அங்கே எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள். இங்கே சிலோன்காரன் ஆனோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியதும், 1964 அக்டோபரில் கையெழுத்தான சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா தன் குடிமக்களாக ஏற்க இசைந்ததும், அப்படி வந்தவர்களுக்காகவே 1968 முதல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியதும் உங்கள் தோழிகளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் தாத்தா இந்தியக் கடவுச்சீட்டோடு வந்திறங்கிய குடிமகன். அகதியாக வருவதில் இழிவு ஏதுமில்லை. என்றாலும் உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை அந்தச் சொல் பிழையானது, அதைத் திருத்தும் உரிமை உங்களுக்கு உண்டு.

சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாண் போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல் என்று பின்னாளில் படித்தேன். சாவி, ஜன்னல், அலமாரி ஆகியவையும் அவர்களிடமிருந்தே வந்தவை. சிரித்தவர்களின் வீட்டுக்குள்ளும் எங்கள் வீட்டுக்குள்ளும் ஒரே கப்பல்காரர்களின் சொற்கள்தான் புழங்கின என்று அறிந்தபோது, கடை வாசலில் நின்ற அந்தச் சிறுவனுக்காக எனக்கு அழுகை வந்தது. அலுவலகத்துக்கு வேண்டிய பேச்சைத் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் ஒளிந்துகொள்வதற்காக ஒரு சொல்லையும் விடாதீர்கள். அப்படி விட்டவற்றை மீட்க எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பிறகும் ஒருத்தி 'அகதி' என்றே அழைத்தால் அது அறியாமை ஆகாது. அப்போது விடுதிக் காப்பாளரிடம் எழுத்தில் முறையிடுங்கள், தயங்க வேண்டாம். மற்றவர்களிடம் ஒரு முறை உண்மையைச் சொல்லிப் பாருங்கள்.

கல்லூரி விடுதியில் என்னை ஓயாமல் கேலி செய்த ஒருவனிடம், ஒரு நாள் நாங்கள் இருந்த லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டையும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தையும், கப்பலையும் பற்றி உள்ளபடி சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டான். ஒரு வாரம் கழித்து வந்து, "கப்பல்ல எவ்வளவு நேரம்டா?" என்று கேட்டான். எனக்கு நினைவில்லை, பெரும்பகுதி அம்மா மடியில் தூங்கிவிட்டிருக்கிறேன். அப்பாவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். அதுவரை இலங்கையைப் பற்றி வீட்டில் வாயே திறக்காத அப்பா, நான்கு பக்கத்துக்குப் பதில் எழுதியிருந்தார்.